டர்போ ஆறட்டும்

எங்கள் வீட்டுக்குப் புது வண்டி வந்து, மாங்காய் சீசனில் பாதி ஓடிவிட்டது. வண்டி மட்டும் ஓடவில்லை. அதற்கென்றே வாசலில் போட்ட தகரக் கொட்டகைக்குள் வந்த நாளன்று எப்படி நின்றதோ அப்படியே நின்றது. வெள்ளை நிறம், நல்ல உயரம், டர்போ பெட்ரோல். கோவிந்தாபுரத்தில் எங்கள் தெருவில் டீசல் ஜீப் உண்டு, டிராக்டர் உண்டு, மாங்காய் ஏற்றும் மினி லாரி வீட்டுக்கு வீடு உண்டு. டர்போ பெட்ரோல் இதுதான் முதல்.

பாலக்காட்டு ஷோரூமிலிருந்து இதை ஓட்டிவந்து நிறுத்தியவர் ஷோரூம் ஆள். அது கம்பெனி ஓட்டம், கணக்கில் சேராது என்று என் வீட்டுக்காரர் சென்னிமலை தீர்ப்பு சொல்லிவிட்டார். முதல் ஓட்டம் குலதெய்வத்துக்குத்தான் போகவேண்டும். எங்கள் ஆட்கள் பாலக்காட்டுச் சீமைக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆனாலும், குலதெய்வம் மட்டும் இன்னும் காங்கேயத்துப் பக்கம்தான் இருக்கிறது. போய்ப் பொங்கல் வைத்து, வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினால்தான் வண்டி நம்முடையது.

போக முடியவில்லை. நாள் குறித்ததும் வெள்ளகோவிலில் ஒரு பங்காளி வீட்டில் குழந்தை பிறந்தது. பிறந்த தீட்டு. அது கழிந்து அடுத்த நாள் குறித்தோம், மூலனூரில் ஒரு பங்காளி இறந்துபோனார். அது கழியும் முன்னே தாராபுரத்தில் இன்னொருவர் போய்விட்டார். இவர் யார் என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர் வெகுநேரம் யோசித்தார்.

"நம்ம பாட்டனாருக்குச் சித்தப்பன் வழி. அப்படித்தான் நெனைக்கறேன்."

"நீங்க பாத்திருக்கறீங்களா?"

"பாத்தாத்தான் பங்காளியா?"

முகம் தெரியாத ஆளுக்காக எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு விளக்கு வைக்கவில்லை. இதே கணக்குப்படி, என்னோடு ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு ஒன்று ஆனால் அவர் குலக் கூட்டத்துக்குத் தீட்டே கிடையாது. இந்தக் கணக்கை எழுதிய ஆளுக்கு அக்கா தங்கை யாரும் இருந்திருக்கமாட்டார்கள் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஆனால் வண்டியை அவர் சும்மா விட்டுவிடவில்லை. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, காலைக் கழுவி, செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏறி உட்காருவார். சீட்டின் பிளாஸ்டிக் உறை சரசரக்கும். இன்ஜினைப் போடுவார், ஏசியைப் போடுவார், கண்ணாடியைச் சரிசெய்து பின்னால் வைக்கோல்போரைப் பார்ப்பார். பிறகு இறங்க மனமில்லாமல் இறங்குவார். இறங்கும் முன் ஒரு சடங்கு உண்டு. டர்போ வண்டியை ஓட்டிவந்து நிறுத்தினால் உடனே அணைக்கக்கூடாது, கொஞ்சம் ஓடவிட்டு டர்போ ஆறின பிறகுதான் அணைக்கவேண்டும் என்று ஷோரூம்காரர் சொல்லியிருந்தார். ஆகவே அங்குலம்கூட நகராத வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, காப்பி ஆறுகிறது என்று நான் கூப்பிட்டால், "இரு புள்ள, டர்போ ஆறட்டும்" என்பார். 

வெள்ளிக்கிழமை வந்தால் சக்கரத்தடியில் வைத்த நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்துப்போட்டுவிட்டு நாலு புதுப்பழம் வைப்பார். எந்த வாரம் தீட்டு விட்டாலும் வண்டி தயாராக இருக்கவேண்டுமாம்.

பார்க்க வருகிறவர்களை வண்டியைச் சுற்றிப் பிரகாரம் வருவதுபோலக் கூட்டிப்போவார்.

"டர்போங்க. மேட்டுல லேசா ஒரு மிதி மிதிச்சாப் போதும், பின்னால ஆள் நின்னு தள்ளற மாதிரி போகும்."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் ஷோரூம்காரர் சொன்னாருங்க."

"யாரு வண்டிங்க, உங்க பையனுதா?"

"அவனுக்கு எதுக்குங்க இது. நம்முளுது. நானு எடுத்தது."

அந்த "நானு எடுத்தது" காதில் விழும்போதெல்லாம் நான் கையில் இருப்பதைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைப்பேன். வண்டி வந்தது எங்கப்பன் தோப்பை விற்ற காசில். கோபாலபுரத்தில் ரோட்டை ஒட்டி எங்கப்பனுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. ஆண் பிள்ளை இல்லை. நானும், என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா காளியாத்தாளும்தான். தோப்பைக் கல்யாண மண்டபம் கட்டுவதற்குக் கேட்டு வந்தபோது, அக்கா காந்தலூரிலிருந்து இறங்கிவந்து, தன் பாகத்தை எனக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் காலமாகி வருசக்கணக்காகிறது, மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள், மலையில் தனியாகப் பூண்டு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எனக்கு என்ற காடே போதும் கண்ணு. பூண்டு வெளையுது, நானு திங்கறேன்" என்றாள். பஸ் ஏறும்போது ஒன்றுதான் கேட்டாள். "நீ வண்டி கிண்டி வாங்குனீன்னா ஒருக்கா வந்து என்னைய மலையெறக்கிக் கூட்டிட்டுப் போ. ஜீப்புல ஏறி எறங்கியே இடுப்பு போச்சு. ஒரு தடவையாச்சும் மெத்துனு உக்காந்து வரோணும்."

ஆர்சி புத்தகம் என் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, சித்தூரில் முதல் தடவையே ஹெச் போட்டு எடுத்தது. மினி லாரியில் மாங்காய்ப் பெட்டியை ஏற்றி மண்டிக்கு ஓட்டிக்கொண்டு போவது பாதி நாள் நான்தான். மாங்காய்க்கு நான் டிரைவர். புது வண்டியை மட்டும் துடைக்கலாம், தொடலாம், ஓட்டமுடியாது.

சித்திரை மழையில் அக்கா பூண்டுப் பாத்தி வரப்பிலிருந்து வழுக்கிக் கீழ்ப்பாத்தியில் விழுந்தாள். பக்கத்துத் தோட்டத்துச் செபமாலையம்மாள்தான் போன் செய்தாள். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருக்கிறது. மறையூரில் அரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள், பிளேட் வைக்காமல் முடியாதாம். பொள்ளாச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சொல்லி, புதன்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. திருப்பூர் மகள் நிறைமாதம், அவளால் அசைய முடியாது. செவ்வாய்க்கிழமை அக்காவைக் கீழே கொண்டுவந்தாக வேண்டும்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன்.

"ஏனுங்க, நாளைக்குப் போயி அக்காளைக் கூட்டிட்டு வந்தரலாம். நம்ம வண்டியில."

சோற்றில் கை நின்றது. "எந்த வண்டியில?"

"மாங்கா வண்டியிலயா கூட்டிட்டு வருவாங்க? புது வண்டிதான். காலை நீட்டி உக்காந்துக்குவா."

"துளசி, தீட்டு இன்னும் கழியல. கோயிலுக்குப் போகாத வண்டி அது. மொத ஓட்டமே ஆஸ்பத்திரிக்குப் போறதா?"

"அவ கேட்டது அந்த ஒண்ணுதானுங்க."

"பொள்ளாச்சியில டாக்ஸி சொல்லிர்றேன். நானே கூட வாறேன். உங்கக்காளை நானே தூக்கி உக்கார வெக்கறேன், ஒரு கொறை வெக்கமாட்டேன். இந்த வண்டி மட்டும் வேண்டாஞ்சாமி."

அவர் குரல் அதட்டலாக இருந்திருந்தால் நான் அப்போதே சண்டை போட்டிருப்பேன். அது பயந்த குரல். அவருடைய தம்பி ராக்கப்பன் ஒரு பைக் வாங்கினான். வாங்கிய அன்றே, யாரோ சிநேகிதனுக்கு முடியவில்லை என்று கோயிலுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்த வருசமே மீனாட்சிபுரத்து வளைவில் அந்த பைக்கிலேயே போய்விட்டான். அன்றிலிருந்து இவருக்கு எல்லாம் முதல் ஓட்டத்தில் இருக்கிறது. வளைவில் கொட்டியிருந்த மணலைப் பற்றி இவர் பேசவே மாட்டார்.

எனக்கு அது தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. காசு கொடுத்தால் வரும் டாக்ஸியையா அக்கா கேட்டாள்? தோப்பில் பாதியைக் கொடுத்தவளுக்கு, அந்தத் தோப்பில் வந்த வண்டியில் ஏற ஒரு கோயில் அனுமதி வேண்டுமா? படுத்துத் தூங்கிவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

செவ்வாய் காலை அவர் மாங்காய் லோடுடன் மண்டிக்குக் கிளம்பினார், டாக்ஸிக்குப் போன் செய்வதாகச் சொல்லிவிட்டு. மினி லாரி சத்தம் தெருவைத் தாண்டியதும் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன். சக்கரத்தடியில் நாலு எலுமிச்சம்பழம் இருந்தது. ஏற்றி நசுக்கிவிட்டுப் போகலாம். அவர் வாரா வாரம் குனிந்து தன் கையால் வைத்த பழம், எனக்கு மனசு வரவில்லை. நாலையும் பொறுக்கி முன்னால் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டேன். கியர் போட்டதும் வண்டி கொட்டகையை விட்டு அலுங்காமல் வெளியே வந்தது.

செக்போஸ்ட்டில் இருந்த போலீஸ்காரருக்கு என்னை மினி லாரியில்தான் தெரியும். குனிந்து உள்ளே பார்த்தார். "சேச்சி, மாங்கா எவிடே?" 

"இன்னைக்கு மாங்கா இல்லைங்க, அக்கா" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது, கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

பொள்ளாச்சி, உடுமலை தாண்டி அமராவதிப் பக்கம் காடு தொடங்கும்வரை நான் மாங்காய் ஓட்டுவது போலத்தான் ஓட்டினேன். மேடு ஏற ஆரம்பித்ததும் வண்டியின் குணம் தெரிந்தது. காலை அழுத்தினால் உடனே கேட்காது, ஒரு கணம் யோசிக்கும். அதற்குள் என்ன ஆச்சு என்று நாம் நினைப்போம். பிறகு முதுகை சீட்டோடு சேர்த்து ஒரு தள்ளு தள்ளும் பாருங்கள், பின்னால் ஆள் நின்று தள்ளுவது போலவேதான். அவர் ஊரெல்லாம் சொன்னது நிஜம். அவர் ஒருநாளும் அனுபவிக்காததை அவருக்கு முன்னால் நான் அனுபவித்துவிட்டேன் என்று சந்தோஷமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

சின்னாறு செக்போஸ்ட்டில் நிறுத்தியபோது போன் அடித்தது.

"எங்க இருக்கற?"

"சின்னாத்துலீங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எலுமிச்சம்பழம் மேல ஏத்தி எடுத்தியா?"

"இல்லீங்க. எடுத்து வெச்சிருக்கறேன்."

"வளைவுல பாத்துப் போ" என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

அக்கா வீடு காந்தலூரில் ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே. செபமாலையம்மாளும் இன்னொருவரும் அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்திருந்தார்கள். மடியில் ஒரு பை, எனக்குப் பூண்டு. வண்டி வந்து நின்றதும் அக்கா முகத்தைப் பார்க்கவேண்டுமே. வலியெல்லாம் எங்கோ போய்விட்டது. கையை நீட்டி முன்பக்கத்தைத் தடவினாள்.

"சூடா இருக்குது கண்ணு."

"மலையேறி வந்திருக்குதல்லோ."

"எத்தாப்பெரிசு! மாப்ளை வரலியா?" கேட்டுக்கொண்டே டேஷ்போர்டைப் பார்த்தாள். நாலு பழமும் முழுசாகக் கிடந்தன. கண்ணாடியில் சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை. முன்னால் மாலை கட்டிய நூல்கூட இல்லை. அக்காவும் எங்கள் ஜாதிதானே, அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டீங்கல்லோ?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, சொல்ல வரவில்லை. "தீட்டு கழியலக்கா" என்றேன்.

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். "அப்ப நானு ஏறமாட்டேன்."

"அக்கா!"

"ராக்கப்பனுக்கு ஆனது மறந்து போச்சா உனக்கு? கால் ஒடிஞ்சவளை மொத ஓட்டத்துல ஏத்திட்டுப் போயி, நாளைக்கு மாப்ளைக்கு ஒண்ணுன்னா நானு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்ற ஊட்டுக்கு வருவேன்? போ. ஜோமோன் ஜீப்பைச் சொல்லு."

கெஞ்சினேன், கத்தினேன். செபமாலையம்மாள் மாதா பேரைச் சொல்லிக் கேட்டாள். அக்கா நாற்காலிக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவளைக் காலோடு தூக்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தியிருப்பேன். முறிந்த காலைப் பார்த்து விட்டுவிட்டேன். வண்டியைத் தராமல் இருக்க அவர் சொன்ன அதே வார்த்தையை, வண்டி வேண்டாம் என்று இவளும் சொல்கிறாள். நடுவில் நான் ஒருத்திதான் மெனக்கெட்டு மலையேறி வந்திருக்கிறேன்.

ஜோமோன் ஜீப்பைக் கொண்டுவந்தார். காந்தலூரில் ஊருக்கே காய்கறியும் ஆளும் ஏற்றி இறக்குகிறவர், அக்காவுக்குப் பழக்கம். பின்பக்க பெஞ்சுக்கு நடுவே தரையில் கோணிப்பையும் மெத்தையும் விரித்து அக்காவைக் கிடத்தினோம். செபமாலையம்மாள் காலைப் பிடித்துக்கொண்டு கூட உட்கார்ந்தாள். "சேச்சி, இத்தர நல்ல வண்டி இருக்கு, இதுல எதுக்கு?" என்று ஜோமோன் கேட்டார். நான் ஜீப்பின் படுதாவை இறக்கிவிட்டேன்.

ஜீப் முன்னால் போனது. நான் பின்னால், ஆளில்லாத வண்டியோடு. குழி வந்தால் ஜீப் குதிக்கும், படுதாவுக்குள்ளிருந்து அக்காவின் "அம்மா" கேட்கும். அதே குழியில் என் வண்டி இறங்கி ஏறுவது எனக்கே தெரியாது. ஏசி குளுகுளுவென்று வந்தது. அதை அணைத்துக் கண்ணாடியை இறக்கினேன். சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது, மறுபடி ஏற்றினேன். மறையூர் தாண்டி இறக்கம் முழுவதும் இப்படியே. நடுவில் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். என் வாழ்க்கையில் அப்படி ஓர் அவமானத்தை நான் பட்டதில்லை. அவமானப்படுத்தியது யார் என்று கேட்டால் கை நீட்ட ஆள் இல்லை.

காடு முடிந்து ஊர் தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை, ஜோமோன் அங்கே ஜீப்பை நிறுத்தினார். பக்கத்தில் வேப்பமரத்தடியில் சின்னதாக ஒரு பிள்ளையார். கடை பெஞ்சில் மாங்காய்ப் பால் கறைபட்ட சட்டையோடு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மினி லாரியை மண்டியில் போட்டுவிட்டு பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். முதலில் வந்த ஜீப்பை அவர் கவனிக்கவில்லை. என் வண்டியைக் கண்டதும் எழுந்து, ஒரு சுற்று சுற்றிவந்து கீறல் இருக்கிறதா பார்த்தார். பிறகுதான் உள்ளே பார்த்தார்.

"எங்க உங்கக்கா?"

ஜீப்பைக் காட்டினேன். போய்ப் படுதாவை விலக்கினார். அக்காவின் உதடு பல் பட்டு ரத்தம் கட்டியிருந்தது. சேலையில் வாந்தி. அந்த நிலையிலும் அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "வாங்க மாப்ளை" என்றாள்.

திரும்பி என்னிடம் வந்தார். "ஏம் புள்ள, இவ்வளவு தூரம் எடுத்துட்டுப் போயிட்டு, இதுல ஏத்தறதுக்கு என்ன?"

"அவ ஏறமாட்டீங்கறா. கோயிலுக்குப் போகாத வண்டியில அவ மொதல்ல ஏறுனா உங்களுக்கு ஆகாதாமா."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். உங்களுக்காவத்தான் அத்தனை குழியிலயும் குதிச்சுட்டு வாறா."

கடைக்காரர் கொண்டுவந்த டீயை அவர் வாங்காமல் நின்றார். பிறகு ஜீப்புக்குப் போனார். பெண்டாட்டியின் அக்காவை எங்களில் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கை, எனக்கு ஒண்ணும் ஆகாது. வாங்க, மாறி உக்காருங்க."

"நீங்க சொல்லிப்போடுவீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா எந்தங்கச்சியல்லோ நிக்கோணும்."

"ஆகாதுங்கறேன்."

"நேத்து வரைக்கும் ஆகும்னீங்களாம்?"

அக்காவுக்கு வலியிலும் வாய் குறையவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு மரத்தடிப் பிள்ளையாரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தீட்டுக் கணக்கில் எங்கள் கூட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்தக் கணக்கு அவர் தலைக்குள் ஓடுவது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

"தீட்டு எனக்கும் இவளுக்கும்தானுங்க" என்றார் மெதுவாக. "நீங்க வேற கூட்டத்துல வாக்கப்பட்டவங்க. உங்களுக்குத் தீட்டு இல்லீங்களே. நீங்க பூஜை போடலாமல்லோ?"

அக்கா யோசித்தாள். "போடலாம்."

"வண்டிக்குத் தீட்டு இல்லையா சேட்டா?" என்று ஜோமோன் கேட்டார்.

"வண்டிக்கு ஏதுங்க தீட்டு? அது என்ன எங்க கூட்டத்துல பொறந்ததா?"

அப்படியானால் இத்தனை நாள் என்று கேட்க எனக்கு வாய் வந்தது. கடித்துக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு மாப்ளை" என்றாள் அக்கா. "நானு கும்புட்டா எங்கப்பன் சாமியத்தான் கும்புடுவேன். உங்க சாமி எனக்குப் பழக்கமில்லை."

"செல்லாண்டியம்மன்தானுங்களே. கும்புடுங்க."

கோயில் பக்கம் நானும் அவரும் போகமுடியாது. செபமாலையம்மாளும் ஜோமோனும் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் ஜோமோன்தான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் மரத்தடியிலிருந்து திருநீறும் குங்குமமும் ஒரு தாளில் மடித்து வாங்கிவந்தார். டீக்கடையில் சூடம் இருந்தது. ஜீப்பின் பின்கதவை இறக்கிவிட்டோம். நான் வண்டியில் ஏறி, அதன் மூக்கு அக்காவின் கைக்கு எட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் பத்தடி தள்ளி, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, ரோட்டோரத்தில் கைகூப்பி நின்றார்.

செபமாலையம்மாள் முதுகைத் தாங்கிக்கொள்ள, அக்கா எழுந்து உட்கார்ந்தாள். தாயே செல்லாண்டி, எங்கப்பனாத்தாளே என்று ஆரம்பித்து, கோபாலபுரத்துத் தோப்பைச் சொன்னாள், அதில் இருந்த கிணற்றைச் சொன்னாள், என்னைச் சொன்னாள், அவரைச் சொன்னாள், ராக்கப்பனையும் சொன்னாள். தன் காலைச் சொல்ல மறந்துவிட்டாள். திருநீற்றைக் குழைத்து வண்டியின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். டீத் தட்டில் சூடம் எரிந்தது. நான் டேஷ்போர்டிலிருந்து நாலு பழத்தையும் எடுத்து நீட்டினேன். அக்கா சுற்றிக்காட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"மாப்ளை, நீங்களே வெய்யுங்க. குனிய எனக்கு ஆகாது."

அவர் வந்து, எப்போதும்போல் குனிந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். எழுந்து டிரைவர் கதவுப் பக்கம் வந்தார். நான் இறங்கவேண்டுமா என்று பார்த்தேன். "எடு" என்றார். எடுத்தேன். நாலும் நசுங்கின. ரோட்டில் எலுமிச்சை வாசம் வந்தது.

அக்காவைப் பின்சீட்டில் ஏற்றினோம். அவர் சொன்னபடி குறை வைக்கவில்லை, அவரே தூக்கினார். முறிந்த காலுக்கு அடியில் பூண்டுப் பையை அணைவாக வைத்தார். பிளாஸ்டிக் உறை வழுக்குகிறது என்று அக்கா சொன்னதும், இத்தனை நாள் ஒரு மடிப்புக்கூட விழாமல் காத்த உறையைப் பிடித்து இழுத்துக் கிழித்து ஜோமோன் கையில் கொடுத்தார். பிறகு முன்னால் எனக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மேட்டில் வண்டி யோசித்துவிட்டுத் தள்ளியபோது, அவர் கை தானாகக் கதவுப் பிடியைப் பிடித்தது.

"தள்ளுதல்லோ?" என்றேன்.

"தள்ளுது" என்றார்.

பின்னால் சத்தம் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பொள்ளாச்சியில் ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் ஓடிப்போய் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தார். இருவருமாக அக்காவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். உள்ளே பேர் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து வாட்ச்மேன் சத்தம் போட்டார். 

"கேரளா வண்டி யாருதுங்க? ஓட விட்டுட்டுப் போயிட்டீங்க, வழியில நிக்குது!"

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். வாட்ச்மேன் அவரைக் கேட்டார், "உங்க வண்டிங்களா?"

அவர் கை சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரு வண்டிங்க. இப்ப வந்து எடுத்துருவாங்க."

எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அங்கே அழுவதற்கு இஷ்டமில்லாமல் வெளியே போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"எடுங்கம்மா, இல்லைன்னா ஆஃப் பண்ணுங்க."

"ஒரு நிமிசம் இருங்க" என்றேன். "டர்போ ஆறட்டும்."